கமக்காரரின் திறனை அளத்தலும் வளர்த்தலும்

தச்சரின் திறனை அவர் செய்த கதவு காட்டும். கமக்காரரின் திறனை விளைச்சல் காட்டும் என்பர். ஆயினும் மழையும் மண்ணும் விதையும் விளைச்சலிற் பங்கு கொள்வதால், அதனை மட்டும் வைத்துத் திறனை மதிப்பிடுதல் முறையன்று. வளர்ந்துவரும் நாடுகளிற் கமக்காரர் பெரும்பாலோர் தம் தொழிலைப் பெற்றோரிடமும் அயலாரிடமும் கற்றவர்கள். அவர்தம் திறனுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அதனை வயலிலேயே அளத்தல் வேண்டும்.

இந்தோனேசியா கற்ற பாடம்

1984ஆம் ஆண்டில் அரிசியில் தன்னிறைவு எய்திய இந்தோனேசியாவில், அடுத்த ஈராண்டுகளுக்குள் கபிலநிறத் தத்தி யாவாத் தீவின் நெல்வயல்களைப் பெரிதும் அழித்தது. அடிக்கடி கிருமிநாசினி தெளித்தமையே இதற்கு முக்கிய காரணமாகும். தத்தியைத் தின்னும் சிலந்திகள் மருந்தினால் மடிந்தன. இலைமடலின் உள்ளே இடப்பட்ட தத்தி முட்டைகளோ தப்பிப் பொரித்தன. எதிரியற்ற வயலில் தத்தி மீண்டும் பெருகிற்று.

1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. எனினும் தடை மாத்திரம் போதாது. பகைப் பூச்சி எது, நட்புப் பூச்சி எது என்பதைக் கமக்காரரே அறிதல் வேண்டும். இதற்காக 1989ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன், கமக்காரர் வயற்பாடசாலைகள் அங்கு ஆரம்பிக்கப்பட்டன. சுமார் 25 பேர் வாரத்துக்கு ஒருமுறையாக ஒரு போகம் முழுவதும் வயலிற் கூடிக் கற்றனர். 1990களில் இம்முறை இலங்கைக்கும் வந்தது.

வாக்குப்பெட்டிச் சோதனை

போதனாசிரியர் பேசி முடித்ததும் எல்லோரும் தலையசைப்பர். விளங்கியது என்று நம்பி அவரும் சென்றுவிடுவார். உண்மையில் எவருக்கு எது விளங்கியது என்பது தெரிவதில்லை. இக்குறையை நீக்குவதே வாக்குப்பெட்டிச் சோதனை.

வயலில் ஆங்காங்கே தடிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வினாவை வையுங்கள். தடியிலிருந்து ஒரு நூலை, வினாவுக்குரிய பூச்சிக்கோ நோயுற்ற இலைக்கோ இழுத்துக் கட்டுங்கள். "இது பயிருக்குச் செய்வது நன்மையா, தீமையா, இரண்டுமில்லையா?" என்பது போன்ற வினாவுக்கு மூன்று விடைகளும் மூன்று பெட்டிகளும் இருத்தல் வேண்டும். தமக்குரிய இலக்கமிட்ட துண்டினை ஒவ்வொருவரும் தாம் சரியெனக் கருதும் பெட்டியில் இடுவர். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வினாவை வாசித்துக் காட்டலாம்.

இச்சோதனை போகத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் நடத்தப்படும். எடுத்துக்காட்டாக, சிலந்தி பற்றிய வினாவுக்கு 20 பேரில் 6 பேரே சரியான விடை அளித்தால், கற்பிக்கவேண்டியது அதுவே எனப் போதனாசிரியர் அறிவார். எவரையும் சித்தியென்றும் தவறென்றும் பிரிப்பது இதன் நோக்கமன்று.

திறன் வளரும் வழி

வாரந்தோறும் வயலில் இறங்கி, நெற்பயிரின் அடிப்பாகத்தை நீர்மட்டத்துக்கு அண்மையிற் பாருங்கள். தத்தி தங்குமிடம் அதுவே. தத்திகளையும் சிலந்திகளையும் எண்ணிக் குறித்து, அயலாருடன் ஆராய்ந்த பின்னரே மருந்து தேவையா எனத் தீர்மானியுங்கள். ஐயமிருப்பின், ஒரு போத்தலிற் சில தத்திகளையும் ஒரு சிலந்தியையும் இட்டு, வாயை வலைத்துணியாற் கட்டிவைத்து மறுநாட் பாருங்கள். கண்ணாற் கண்டது மறவாது.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும். கத்தரி, பாகல் இலைகளைத் தின்னும் எபிலக்னா வண்டும், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும் தோற்றத்தில் ஒத்தவை. முன்னையது மெல்லிய உரோமத்துடன் மங்கலாயிருக்கும். பின்னையது வழுவழுப்பாய்ப் பளபளக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் தம் நண்பனைத் தம் பணத்தாலேயே கொல்கிறார்.

சோதனையிற் பெறும் புள்ளி முடிவன்று. எத்தனை முறை தெளித்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று, எத்தனை புசல் கிடைத்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, போகத்துக்குப் போகம் ஒப்பிடுங்கள். பெற்ற அறிவு செயலாயிற்றா என்பதை அக்கொப்பியே கூறும். வரும் போகத்தில் உங்கள் ஊரிலும் இச்சோதனையை நடத்த விரும்பின், விதைப்புக்கு முன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு பேசுங்கள்.