புது ரேசருக்கு ஒரு மாதம் கொடுங்கள்

சேஃப்டி ரேசர் வாங்கியவர்களில் பலர் ஒரு வாரம் முடிவதற்குள் அதை அலமாரியின் மூலையில் போட்டுவிடுகிறார்கள். முதல் நாள் தாடையில் கீறல். அடுத்த முறை கழுத்தெல்லாம் எரிச்சல். அதற்கடுத்த முறை கிருதா ஓரத்தில் முடி அப்படியே நிற்கிறது. "நம்ம தோலுக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று முடிவுகட்டி, பழைய பிளாஸ்டிக் ரேசருக்கோ சலூன் நாற்காலிக்கோ திரும்பிவிடுகிறார்கள். காரைக்கால் மாதிரி ஊரில் வெயில், வேர்வை, உப்புக்காற்று மூன்றும் சேர்ந்து புதிதாக மழித்த தோலைச் சீண்டுவதால், இந்த முடிவு இன்னும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது.

பெரும்பாலும் இது அவசர முடிவு. சேஃப்டி ரேசர் கைக்கும் தோலுக்கும் பழக ஏறக்குறைய நான்கு வாரம் வேண்டும். அந்த நான்கு வாரத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால், மலிவான, சுத்தமான ஒரு பழக்கம் வாழ்நாள் முழுக்க உங்களுடையதாகிவிடும்.

கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739இல். அதற்கு 30 ஆண்டு கழித்து, 1769இல், பாரிஸில் கத்தி செய்யும் தொழிலில் இருந்த ழான் ழாக் பெரே என்பவர் ஒரு நூல் எழுதினார். தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று கற்பிப்பதுதான் அந்த நூலின் நோக்கம். மழிகத்தியின் விளிம்பு சற்றே வெளியில் தெரியும்படி மரச்சட்டம் பொருத்தி, ஆழமாக வெட்டாமல் தடுக்கும் யோசனையையும் அவர் முன்வைத்தார். இன்றைய சேஃப்டி ரேசருக்கு அதுதான் தொடக்கம்.

கழற்றி மாற்றும் மெல்லிய பிளேடைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். 1895இல் அவருக்குத் தோன்றிய யோசனை கடைக்கு வர எட்டு ஆண்டு ஆனது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராகத் தீட்டுவதே பெரும்பாடாக இருந்தது. 1903இல், விற்பனையின் முதல் ஆண்டில், 51 ரேசரும் 168 பிளேடும்தான் போயின. அடுத்த ஆண்டே 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேசர்கள் விற்றன. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது வழங்கப்பட்டபின் வீட்டிலேயே மழித்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது.

வீட்டுச் சவரம் என்பது தொடக்கம் முதலே படித்துப் பழகவேண்டிய கைவேலையாக இருந்திருக்கிறது. சலூன்காரர் கை நம் கன்னத்தில் சுலபமாக ஓடுகிறதென்றால், அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. ஒரு வாரத்தில் அது நமக்கு வரவில்லையே என்று சோர்ந்துபோவதில் நியாயமில்லை.

கை ஏன் தடுமாறுகிறது?

கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை தானாக அசைந்து முகத்தின் வளைவுக்கு ஏற்பத் திரும்பும். சாய்வை அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் அழுத்தி இழுத்தால் போதும். பல ஆண்டாக அந்த அழுத்தம் கையில் ஊறிப்போயிருக்கிறது.

சேஃப்டி ரேசரின் தலை அசையாது. சாய்வை நம் கைதான் கொடுக்க வேண்டும். ரேசரின் எடையே முடியை வெட்டப் போதும். அரிவாளில் கதிரைப் பிடித்து இழுத்து அறுப்பது போல இதை இழுத்தால் முடியோடு தோலும் வரும். முதல் வாரக் கீறல்கள் அநேகமாக இந்தப் பழைய அழுத்தத்தால் வருபவை. கை லேசாக ஆக, கீறல் குறையும்.

சரியான சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். கைப்பிடி முகத்துக்கு நேராக, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஓர் இடத்தில் பிளேடு விளிம்பு முடியைத் தொடும். ஏறக்குறைய 30 பாகை சாய்வு அது. அந்த நிலையில் ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் நகர்த்துங்கள். முடி வெட்டுப்படும் மெல்லிய 'சரசர' ஒலி காதில் கேட்டால் சாய்வு சரி. ஒலியே இல்லாமல் வழுக்கினாலோ, தோலைச் சுரண்டுவது போல இருந்தாலோ சாய்வை மாற்றுங்கள்.

தோலுக்கும் நாள் வேண்டும்

சவரம் செய்யும்போது முடியோடு தோலின் மேற்படலமும் கொஞ்சம் உரிகிறது. மேல்தோல் தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். ஒரு மாத அவகாசம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். புது முறையில் தோல் எப்படி இருக்கிறது என்பதை ஒரு சுற்று முடிந்தபிறகே சரியாகச் சொல்ல முடியும்.

பல பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியைச் சற்று மேலே இழுக்க, பின்னால் வரும் பிளேடு அதை வெட்டும். வெட்டிய நுனி தோலுக்குக் கீழே உள்வாங்கிவிடும். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு அந்த நுனி உள்ளுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, கழுத்திலும் தாடையிலும் சிறு கொப்புளங்களாகும். நம் நிறத் தோலில் அந்தக் கொப்புளம் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இப்படித் தொல்லைப்படுகிறவர்களை ஒரே பிளேடு கொண்ட ரேசருக்கு மாறிப் பார்க்கும்படி தோல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மாறிய உடனே பழைய கொப்புளங்கள் மறைந்துவிடாது. உள்ளே மாட்டிய முடி வெளியே வர வாரங்கள் ஆகும்.

பிளேடை மாட்டும்போது

பிளேடின் கூரான நீள விளிம்புகளைத் தொடாமல், இரு குறுகிய ஓரங்களைப் பிடித்து மாட்டுங்கள். மூடி, பிளேடு, அடித்தட்டு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியபின் கைப்பிடியைத் திருகி இறுக்குங்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இருபக்கமும் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். பிளேடு கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் கீறும், மறுபக்கம் வெட்டவே வெட்டாது. ரேசரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். தாடி முடியின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி அந்த விளிம்பை எப்படிக் கெடுக்கிறது என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். முடி வளைந்து மோதும்போது விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, தோலுக்குத் தெரியும். ஆகவே முடியைப் பிடித்து இழுப்பது போல் தோன்றியதுமே பிளேடை மாற்றுங்கள். ஐந்து முதல் ஏழு சவரம் வரை ஒரு பிளேடு என்பது பொதுக் கணக்கு. அடர்த்தியான தாடி என்றால் இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும்.

நான்கு வாரம், நான்கு படி

முதல் வாரம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். குளித்து முடித்ததும் சவரம் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைத்து வையுங்கள். நீர் ஏறிய முடி இளகும். வெட்ட மிகக் குறைந்த விசையே தேவைப்படும். கன்னங்களை மட்டும் சேஃப்டி ரேசரால் மழியுங்கள். கழுத்துக்கும் மேலுதட்டுக்கும் பழைய ரேசரே இருக்கட்டும்.

இரண்டாம் வாரம்: கழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடி எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமாக ஒரே சுற்றுதான். கொஞ்சம் முடி மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் வாரம்: மேலுதடு, தாடை நுனி. எரிச்சல் இல்லையென்றால், மறுபடி நுரை போட்டுப் பக்கவாட்டில் இரண்டாவது சுற்று. நுரை இல்லாத தோலில் ரேசரை வைக்கவே கூடாது.

நான்காம் வாரம்: இன்னும் எரிகிறது என்றால் இப்போது பிளேடு கம்பெனியை மாற்றிப் பாருங்கள். ஒருவர் முகத்துக்கு ஒத்துப்போகும் பிளேடு இன்னொருவருக்கு முரடாக இருக்கும். ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட்டாக வாங்கினால் செலவும் அதிகமாகாது. பிளேடு, சோப்பு, சவர முறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

மாலை போட்டு விரதம் இருந்து இறக்கியவர்களும், மனைவியின் பிரசவத்துக்குப் பிறகு தாடி எடுப்பவர்களும் நீண்ட தாடிமேல் நேராக ரேசரை வைக்காதீர்கள். ட்ரிம்மரிலோ கத்தரிக்கோலிலோ ஒட்ட வெட்டிக்கொண்ட பிறகே பிளேடு.

கழுத்துதான் சோதனை

கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படியொரு ஒழுங்கு கிடையாது. தாடைக்கு அடியில் பக்கவாட்டிலும், தொண்டைக்குக் கீழே மேல்நோக்கியும் வளர்ந்திருக்கும். வலப்பக்கம் ஒரு திசை, இடப்பக்கம் வேறு திசை என்றும் இருக்கும். சவரம் செய்த மறுநாள் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போகும் பக்கம் முடியின் திசை. முள்ளாகக் குத்தும் பக்கம் எதிர்த்திசை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலிருந்து கீழே இழுப்பவர்கள், தம்மை அறியாமலே கழுத்தை எதிர்த்திசையில் மழித்துக்கொண்டிருக்கிறார்கள். எரிச்சலில் பாதி இதைச் சரிசெய்தாலே அடங்கும்.

உப்புத் தண்ணீரும் கடற்காற்றும்

கடலோரக் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் பல இடங்களில் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுவதால் நுரை நிற்காது. நுரை நிற்காவிட்டால் பிளேடு வழுக்காது. சவரத்துக்கு மட்டும் ஒரு குவளை குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

வேலை முடிந்ததும் ரேசரை நல்ல தண்ணீரில் அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றாட வையுங்கள். உப்பும் ஈரமும் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். விளிம்பைத் துண்டால் துடைக்க வேண்டாம், கூர் போய்விடும்.

கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவக் கிராமங்களில் கடலுக்குப் போகிறவர்கள் புறப்படும் நேரத்தில் மழிப்பதைத் தவிர்ப்பது நல்லது. புதிதாக மழித்த தோலில் உப்புநீரும் வெயிலும் படும்போது எரிச்சல் இரட்டிப்பாகும். கரை திரும்பிக் குளித்தபின் மாலையில் மழித்தால், ஓர் இரவு முழுக்கத் தோலுக்கு ஓய்வு கிடைக்கும்.

பிளேடு ஒருவருக்கு மட்டும்

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தின் வழியாகவும் பரவும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். அதனால் அப்பாவின் பிளேடு மகனுக்கு வேண்டாம், அண்ணனின் பிளேடு தம்பிக்கு வேண்டாம். சலூனில் உங்கள் கண்முன்னே புது பிளேடை உடைத்து மாட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லார் முகத்திலும் தேய்த்த படிகாரக் கல்லை உங்கள் கீறல்மேல் வைக்க விடாதீர்கள். வீட்டில் உங்களுக்கென்று தனிப் படிகாரம் வைத்துக்கொள்ளலாம். சின்னக் கீறலில் ரத்தம் நிற்க அது உதவும். காயத்தில் காபித்தூள் அப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

லேசான சிவப்பு, ஒரு நாளில் அடங்கும் எரிச்சல், ஒன்றிரண்டு மெல்லிய கீறல் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே சொல்பவற்றில் ஏதாவது இருந்தால் ரேசரை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

- சீழ் வைத்த கொப்புளங்கள், பரவும் வீக்கம், காய்ச்சல்.
- வட்டமாகப் படர்ந்து அரிக்கும் தடிப்பு. இது படர்தாமரையாக இருக்கலாம்.
- கீறிய இடங்கள் தடித்த தழும்பாக வளர்வது.
- சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் ஆற நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறலிலும் ரத்தம் நீண்ட நேரம் வரும். வெண்படை, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கீறிய இடத்திலேயே புதுத் திட்டு தோன்றலாம். இவர்களுக்கு ட்ரிம்மரே பாதுகாப்பு. முகப்பரு பழுத்திருக்கும் பிள்ளைகளும் அது அடங்கும்வரை பிளேடைத் தள்ளிப்போடட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சவரக் கொப்புளத்துக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பு மறையும். தொடர்ந்து போட்டால் முகத்தோல் மெலிந்து, படர்தாமரை இருந்தால் அது இன்னும் பரவும். மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து

நான்கு வாரம் முறையாகப் பழகியபின்னும் உங்கள் தோல் ஏற்கவில்லையென்றால், ரேசரை விட்டுவிடுவதில் தவறில்லை. அப்போது அது அனுபவத்தில் எடுத்த முடிவு. அதுவரை கையின் அழுத்தத்தைக் குறையுங்கள், முடியின் திசையைப் படியுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பயன்படுத்திய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். மூடியில் கீறல் போட்ட பழைய டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் இறுக ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். நம் முகத்தைக் காப்பாற்றும் கவனத்தில் கொஞ்சம் அவர்கள் கைகளுக்கும் சேரட்டும்.