பயிற்சித் தாதியும் நோயாளரும்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துரைக்கிறது. அந்த நான்காமவர் இன்னும் தொழில் கற்கும் மாணவராக இருப்பின், நோயாளியின் மனநிலை எவ்வாறிருக்கும்?

தாதிமை ஏட்டளவில் முடியும் கல்வியன்று. 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோதே மாணவியர் வார்டுகளில் பணிசெய்து பயின்றனர். சிங்கப்பூரில் 1956இல் தாதியர் பள்ளி எழுந்தது; 1992இல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி தாதியர் பயிற்சியை ஏற்றது. இன்று பொம்மை உடல்களில் பழகிய பின்னரே மாணவர் நோயாளியை நெருங்குகின்றனர். எனினும் வார்டுப் பயிற்சியின் இன்றியமையாமை குறையவில்லை.

நோயாளருக்கு முதலில் தோன்றுவது அச்சம். பழகிய தாதி, நாடி சீராக இருந்தால், அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள்வார். மாணவியோ முழு நிமிடமும் எண்ணுவார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் மீண்டும் சுற்றும்போது, ‘நமக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று நோயாளி கலங்குகிறார். மாணவி தம் கணக்கைச் சரிபார்க்கிறார் என்பதே பெரும்பாலும் உண்மை. அதனை ஒரு சொல்லில் எடுத்துரைத்தால் கலக்கம் நீங்கும்.

அச்சத்தின் மறுபக்கம் ஆறுதல். பல நோயாளரைக் கவனிக்கும் மூத்த தாதிக்கு நின்று பேச நேரமில்லை. மாணவியின் பொறுப்பில் இருப்போர் சிலரே. சோறூட்டும்போதும் தலைவாரும்போதும் அவர் பேச்சுக் கொடுக்கிறார். மருத்துவரிடம் சொல்லத் தயங்கிய வலியை முதியவர் அவரிடம் சொல்லிவிடுவதுண்டு. அச்செய்தி மேற்பார்வைத் தாதியை எட்டினால் சிகிச்சைக்கே துணையாகும்.

ஆயினும் மானம் ஒன்று உண்டு. ஆசிரியரும் மாணவரும் கட்டிலைச் சூழ்ந்து நின்று புண்ணைப்பற்றி மட்டும் பேசினால், நோயாளி தம்மை ஒரு பாடப்பொருளாகவே உணர்வார். திரையை இழுத்துவிட்டு, ‘நான் பயிற்சித் தாதி, நான் செய்யலாமா?’ என்று கேட்பது முறை. மறுக்கவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால், மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்று அஞ்சித் தலையசைப்பவரின் இசைவு உண்மையான இசைவாகாது. ஆகவே, மறுப்பினால் கவனிப்புக் குறையாது என்பதையும் அவரிடம் சேர்த்தே சொல்லவேண்டும்.

அவ்வாறு கேட்கப்பட்ட நோயாளருள் பலர் மனமுவந்து கை நீட்டுகின்றனர். படுத்த நிலையிலும் ஓர் இளையவரின் கல்விக்குத் தாம் பயன்படுகிறோம் என்ற நிறைவு அவர்களுக்கு உண்டாகிறது. ஊசி பிடிக்கும் திறனோடு இசைவு கேட்கும் பண்பையும் கற்பதே தாதிமைக் கல்வி.