பழைய கார் வாங்கினேன்!

ஆசை யாரை விட்டது? சிலருக்கு நிலம் வாங்க ஆசை. சிலருக்கு நகை வாங்க ஆசை. எனக்கு ஒரு பழைய கார் வாங்க ஆசை.

"புதுக் கார் வாங்கவே வழியைக் காணோம். இதில் பழைய கார் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் தாத்தாவிடம் இருந்து தொடங்க வேண்டும்.

தாத்தாவின் வேலை

வண்டலூர் என்றதும் இப்போது எல்லோருக்கும் மிருகக்காட்சிசாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் கார் செய்தார்கள். ஆமாம், நம் சென்னைக் கார்! "ஸ்டாண்டர்டு" என்று அதற்குப் பெயர். அந்தக் கம்பெனி 1949-ம் ஆண்டில் கார் செய்யத் தொடங்கியது. 1988-ம் ஆண்டில் மூடப்பட்டது.

1960-களில் இந்தியாவில் கார் வாங்கப் போனால் மூன்று வகைதான் இருந்தன. கல்கத்தா பக்கத்தில் இருந்து அம்பாசடர் வந்தது. பம்பாயில் இருந்து பியட் வந்தது. சென்னையில் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பணம் கட்டியவர்கள் கார் கைக்கு வருவதற்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

என் தாத்தா 1963-ம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. முன் சக்கரங்களைப் பொருத்தும் இடத்தில் அவருக்கு வேலை. பகல் முழுவதும் ஹெரால்டு காருக்குச் சக்கரம் பொருத்துவார். சாயங்காலம் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வருவார். எத்தனையோ கார்கள் அவர் கையைத் தாண்டிப் போயின. ஒன்றில்கூட அவர் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போனது கிடையாது.

நான் சிறுவனாக இருந்தபோது தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவேன். சாலையில் எப்போதாவது ஒரு ஹெரால்டு போகும். தாத்தா அப்படியே நின்றுவிடுவார். கார் மறையும் வரை பார்ப்பார். "சக்கரம் நேராக நிற்கிறது" என்பார். பிறகுதான் நடப்பார்.

அவர் ஒரு தடவையாவது ஹெரால்டில் போக வேண்டும். அதுதான் என் ஆசை.

கோழி முட்டையிட்ட கார்

2021-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நண்பர் செய்தி கொண்டுவந்தார். காஞ்சீபுரத்தில் ஒரு வீட்டில் ஹெரால்டு கார் நிற்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன்.

வீட்டின் பின்புறம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் இரண்டு கதவு வைத்த ஒரு கார். 1965-ம் ஆண்டில் செய்தது. 22 வருஷமாக அது அசையவில்லை. நான்கு டயரும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. பின் சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக் கொண்டிருந்தது!

அந்த வீட்டு அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். "என் வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருந்த வண்டி. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். ஓட்டுகிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

விலை 90 ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. என்னிடம் இருந்தது சீட்டுப் பணம். அது என் மகள் படிப்புக்காக ஒதுக்கிய பணம்.

மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருஷம் ஜூன் மாதத்துக்குள் இந்தப் பணம் திரும்பி வரவேண்டும்" என்றாள். "சரி" என்றேன். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில், "கார் – 90,000" என்று எழுதினாள்.

முதலில் காகிதம்!

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைப் பார்க்கும் முன்பு ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும். காரிலும் அந்த எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஒரு எண் மாறினாலும் தொல்லைதான்.

எங்கள் காரின் ஆர்.சி. புத்தகம் இறந்தவர் பெயரில் இருந்தது. அதை முதலில் அந்த அம்மாள் பெயருக்கு மாற்றினோம். பிறகு என் பெயருக்கு மாற்றினோம். அதற்கே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய அரசு ஒரு புது விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். நான் பழைய பதிவையே புதுப்பித்துக் கொண்டேன். தாத்தாவை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே!

துரு! துரு!

காரை லாரியில் ஏற்றி எங்கள் பகுதியில் உள்ள ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். மேஸ்திரி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கால் வைக்கும் இடத்தில் தகரம் இல்லை. தரை தெரிந்தது!

"சார், கார் வாங்கினீர்களா, சல்லடை வாங்கினீர்களா?" என்று கேட்டார்.

ஆனாலும் ஹெரால்டு காரில் ஒரு வசதி உண்டு. அதன் கீழே இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது. மேலே உள்ள தகரப் பகுதிகள் எல்லாம் போல்ட் போட்டு முடுக்கியவை. துருப்பிடித்த பகுதியைக் கழற்றிச் சரி செய்து மறுபடியும் மாட்டிவிடலாம்.

ஏன் அப்படிச் செய்தார்கள் தெரியுமா? இந்தக் கார் பிறந்தது இங்கிலாந்தில். 1959-ம் ஆண்டில் "டிரையம்ப் ஹெரால்டு" என்ற பெயரில் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த மிக்கலாட்டி. அதற்குமுன் அந்தக் கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்து வந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. அதனால் கூட்டைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து ஒன்றாகப் பூட்டும்படி அமைத்துவிட்டார்கள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பானெட்டைத் தூக்கினால், முன் பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். முதலை வாயைத் திறந்ததுபோல் இருக்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

காரின் என்ஜின் சிறியது. 948 சி.சி. தான். 22 வருஷத்தில் பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. பெட்ரோல் டாங்கியில் இருந்த பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. வயர்களை எலி கடித்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரிந்த தைரியத்தில் நான் நாலு புத்தகம் படித்துவிட்டு ஆலோசனை சொன்னேன். மேஸ்திரி சிரித்துக் கொண்டார். பிளக்குகளைக் கழற்றினார். அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டார். பத்து நாள் அப்படியே விட்டுவைத்தார். பதினோராவது நாள் கையால் சுற்றினார். என்ஜின் மெதுவாகச் சுழன்றது!

சாமான்களுக்காக ஜி.பி. ரோட்டில் அலைந்தேன். புதுப்பேட்டையில் அலைந்தேன். கிடைக்காத சில சாமான்களை இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தேன். அங்கே இந்தக் காருக்கு இன்னும் உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். மனைவியின் நோட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் நிறைந்துகொண்டே வந்தன. நான் இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்து பணம் சேர்த்தேன். 2022 ஜூன் மாதத்தில் சீட்டுப் பணத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

காதில் விழாத சொல்

கார் ஒருவாறு உருவானதும் தாத்தாவை ஒர்க்ஷாப்புக்கு அழைத்து வந்தேன். அப்போது அவருக்கு 80 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. கையில் லேசான நடுக்கம். முக்காலியில் உட்கார்ந்து முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கீழே ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறது பெரியவரே. கிரீஸ் அடித்துவிட்டேன்" என்றார் மேஸ்திரி.

"கிரீஸ் அடிக்காதே. அதில் எண்ணெய்தான் விடவேண்டும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். எல்லாக் காருக்கும் அந்த இடத்தில் கிரீஸ்தானே? வயதானவர், எதையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று நான் எண்ணினேன். "சரி தாத்தா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"டொப்" என்று ஒரு சத்தம்

2023-ம் ஆண்டு பொங்கல் சமயம். கார் பளபளவென்று தயாராகிவிட்டது. மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வரப் புறப்பட்டேன். தாத்தாவை அழைத்துப் போகும் முன்பு ஒரு ஒத்திகை!

மகள் பின் சீட்டில் இருந்து எல்லோருக்கும் கை காட்டினாள். தெரு முனை வந்தது. இந்தக் கார் 25 அடி இடத்தில் திரும்பிவிடும் என்பது பிரசித்தம். அதை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தேன்.

"டொப்!"

காரின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரம் ஒடிந்து மடங்கிக் கிடந்தது.

ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனோம். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அதே சக்கரம் பெரிய ரோட்டில், லாரிகளுக்கு நடுவே ஒடிந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

மனைவி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மேஸ்திரி கழற்றிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ் முனை மரை வெட்டியது. அது பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. கிரீஸ் கெட்டியானது. மரையின் இடுக்குகளுக்குள் அது போகாது. உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்துத் தண்டு பாதியாக இளைத்திருந்தது. பிறகு ஒரு பழைய ஒர்க்ஷாப் கையேட்டைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அதிலும் எண்ணெய் விடும்படிதான் சொல்லியிருந்தது.

கை மறக்கவில்லை

தாத்தாவிடம் போய்த் தலை குனிந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார்.

"இல்லை தாத்தா."

"அப்படியானால் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ."

புதுத் தண்டும் கட்டையும் வந்ததும் தாத்தா மறுபடியும் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரி அவர் காலடியில் உட்கார்ந்தார். தாத்தா கட்டையை வாங்கி விரலால் தடவினார். "இது இடது பக்கத்துக் கட்டை. வலது பக்கத்துக்குப் போட்டுவிடாதே. இரண்டுக்கும் மரை எதிரெதிர்" என்றார். கண்ணால் பார்க்காமலே சொன்னார்!

தண்டைக் கட்டைக்குள் கடைசி வரை திருகினார். பிறகு கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினார். "முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும்" என்றார். பிறகு கியர் ஆயில் விடச் சொன்னார். "மேலே கசிந்து வரும் வரை விடு" என்றார். திருகும்போது அவர் கை நடுங்கவே இல்லை.

மேஸ்திரி சட்டைப் பையில் இருந்து சின்ன நோட்டை எடுத்து அவ்வளவையும் எழுதிக் கொண்டார். "ஐயா, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்" என்றார். அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.

சத்தம் இல்லை

2023 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாத்தா சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அவள் தானாகவே வந்தாள். "தாத்தா பொருத்திய சக்கரம்தானே?" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு பின் சீட்டில் ஏறினாள்.

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் பக்கம் போனோம். அந்தக் காலத்தில் அவர் சைக்கிளில் போன அதே சாலை. பழைய இடத்தைப் பார்த்துத் தாத்தா ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெளியே பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, முன் சக்கரத்தின் பக்கம் காது கொடுத்துக்கொண்டே வந்தார்.

"என்ன தாத்தா?" என்று கேட்டேன்.

"சத்தம் இல்லை" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

மனைவியின் நோட்டில் கடைசிக் கணக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதன் கீழே, "மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்த நாள் வந்தால் அவளே எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கலாம். தறி, மிஷின், ரயில் என்று எதிலாவது காலம் முழுவதும் உழைத்தவராக இருக்கலாம். அவர் ஏதாவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள்.