உங்களுக்குத் தெரியுமா? பழைய சைக்கிளின் வயது ஹப்பில் இருக்கிறது!

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய ராலே, ஹம்பர் சைக்கிள் கண்ணில் பட்டால் முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், அது தயாரான ஆண்டும் மாதமும் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ‘54 7’ என்றால் 1954 ஜூலை. சக்கரம் பின்னால் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். அதனால் பிரேம் எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது.

கொச்சியின் உப்புக்காற்றில் இரும்பு வெளியே மட்டும் துருப்பிடிப்பதில்லை. பெடல் அச்சு ஓடும் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். சீட் கம்பி அசைகிறதா என்று திருகிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் கழற்றுவது பெரும்பாடு. பெயிண்ட் உரிந்ததும் நிக்கல் மங்கியதும் பெரிய குறையே அல்ல. ஃபோர்க் வளைந்திருந்தால் மட்டும் வாங்கவே வேண்டாம்!

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை நமக்குக் குறைவு. ராடு பிரேக் கட்டைகளும் 28 × 1½ அங்குல டயரும் இன்றும் இந்தியாவில் தயாராகின்றன. பிரிட்டிஷ் முத்திரைதான் வேண்டும் என்பதில்லை: 1949-இல் தொடங்கிய சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் பழைய ஹெர்குலிஸும் புதுப்பிக்கத் தகுந்த வண்டிதான்.