அமைப்பு வேண்டாம் என்ற அமைப்பாளர்

லேவி பெத்ருஸ் சுவீடன் நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளின் முன்னோடி ஊழியர். ஸ்டாக்ஹோம் பிலதெல்பியா சபைக்கு 1911 முதல் 1958 வரை 47 ஆண்டுகள் பாஸ்டராக இருந்தார். 1884 மார்ச் 11 அன்று மேற்கு சுவீடனின் வெஸ்த்ரா துன்ஹெம் என்ற சிற்றூரில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1974 செப்டம்பர் 4 அன்று 90 வயதில் மறைந்தார்.

வீட்டில் வசதி இல்லை. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர், காலணித் தொழிற்சாலையிலும் உழைத்தார். தொழிலாளர் இயக்கத்தின்மீது அப்போது உண்டான பரிவு கடைசிவரை அவரை விடவில்லை. 1899இல் பாப்திஸ்து சபையில் ஞானஸ்நானம் பெற்று, பதின்வயது முடியுமுன்பே நார்வேயில் சுவிசேஷ ஊழியத்தில் இறங்கினார். 1902இல் அங்கே கப்பல் தளத்தில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது, தனக்கே விளங்காத சொற்கள் வாயிலிருந்து வந்தன. அது அந்நியபாஷை என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது.

புரியவைத்தது ஒரு செய்தித்தாள். நார்வே மெதடிஸ்து ஊழியர் டி. பி. பாரட் அமெரிக்காவிலிருந்து திரும்பி, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் எழுப்புதல் கூட்டங்கள் நடத்திவந்தார். அந்தச் செய்தியைப் படித்த பெத்ருஸ் 1907 ஜனவரியில் நேரே அங்கே போனார். அப்போது அவர் லித்சோப்பிங் ஊரில் பாப்திஸ்து சபைப் பாஸ்டர், வயது 22. பெந்தெகொஸ்தே அபிஷேகத்தை ஏற்றுத் திரும்பியவர், பாப்திஸ்து சபையைவிட்டுத் தாமாக விலகவில்லை. விலக்கியது அவர்கள்தான். 1913இல் பிலதெல்பியா சபை, தன் உறுப்பினர் அல்லாத விசுவாசிகளையும் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டது. அதைக் காரணம் காட்டி பாப்திஸ்து சங்கம் சபை முழுவதையும் நீக்கியது.

அந்த நீக்கம் பெத்ருஸின் கொள்கைக்கு உரமானது. தலைமையகமும் சங்கமும் வேதத்தில் இல்லை, உள்ளூர்ச் சபைக்கு மேல் எந்த அதிகாரமும் கிடையாது என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். இயக்கத்துக்கென்று மிஷனரி சங்கம் நடத்த முயன்ற ஏ. பி. பிராங்க்ளினோடு ஏற்பட்ட மோதல் 1929இல் பிளவாகவே முடிந்தது.

ஆனால் காகிதத்தில் இல்லாத தலைமை நடைமுறையில் அவரிடம்தான் இருந்தது. அவருடைய சபை பெருகி ஆறாயிரம் உறுப்பினரைத் தாண்டியது. 1930இல் ரோர்ஸ்த்ராண்ட் தெருவில் எழுந்த ஆராதனை மண்டபத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வார இதழ், பதிப்பகம், வீடற்றோருக்கு உணவும் தங்குமிடமும் தரும் பணி, கக்கெஹோல்ம் மக்கள் கல்விப் பள்ளி என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1945இல் ‘டாகன்’ நாளிதழைத் தொடங்கினார். சுவீடனில் வானொலி ஒரே நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்ததால், 1955இல் ஆப்பிரிக்கக் கரையின் தான்ஜியரிலிருந்து ‘இப்ரா’ வானொலி ஒலிக்கத் தொடங்கியது. சங்கம் கூடாது என்றவரைச் சுற்றி இத்தனை நிறுவனங்கள்! இந்த முரண் கூட இருந்தவர்கள் கண்ணிலும் படாமல் இல்லை. புகழ்பெற்ற எழுத்தாளரும் சபையின் பிரசங்கியாருமான ஸ்வென் லித்மான், 1948இல் அவரது அதிகாரப் போக்கைப் பகிரங்கமாகச் சாடிப் பிரிந்தார். லித்மான் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்படாத தலைவரை யார் தட்டிக்கேட்பது?

அதே கொள்கை கடலுக்கு அப்பால் நல்ல பலன் தந்தது. பெத்ருஸின் பால்ய நண்பர் தானியேல் பெர்க், குன்னர் விங்ரேனுடன் 1910இல் பிரேசிலின் பெலெம் நகரில் போய் இறங்கினார். மறு ஆண்டு அவர்கள் தொடங்கிய சபைதான் பிரேசிலின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான ‘அசெம்ப்ளீஸ் ஆஃப் காட்’ ஆக வளர்ந்தது. சுவீடன் மிஷனரிகளுக்கும் உள்ளூர்ப் பாஸ்டர்களுக்கும் உரசல் முற்றியபோது, 1930இல் பெத்ருஸ் நத்தால் நகர மாநாட்டுக்கு நேரில் சென்றார். வட பகுதிச் சபைகளை பிரேசில்காரர்களிடமே ஒப்படைப்பது என்று அங்கே முடிவானது. ஐரோப்பியப் பேரரசுகள் காலனிகளைக் கைவிட மனமில்லாதிருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

பாஸ்டர் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 74. ஓய்வு பெயருக்குத்தான். மறு ஆண்டே குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர்களை மீட்க அறக்கட்டளை தொடங்கினார். பள்ளிகளில் கிறிஸ்தவப் பாடத்தைக் குறைக்கும் திட்டத்துக்கு எதிராக 1960களின் தொடக்கத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அந்த அலையில் 1964இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி பிறந்தது. எண்பது வயதில் பெத்ருஸ் அதன் துணைத் தலைவரானார். ஊழியக்காரருக்கு அரசியல் எதற்கு என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. கட்சி 1991இல்தான் சொந்த பலத்தில் நாடாளுமன்றம் நுழைந்து, அதே ஆண்டு ஆட்சியிலும் பங்கேற்றது.

பெத்ருஸ் உயிரோடிருந்தவரை சுவீடன் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பொதுவான சங்கம் எதுவும் அமையவில்லை. ‘பிங்ஸ்ட்’ என்ற பெயரில் அது உருவானது 2001இல், அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு.