விளம்பர மைலேஜும் சாலை மைலேஜும்

இந்தியாவில் கார் விளம்பரங்களில் தரப்பட்டுவரும் மைலேஜ், அதாவது ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி ஓடும் தூரம், சாலையில் அன்றி ஆய்வுக்கூடத்தில், டைனமோமீட்டர் எனப்படும் உருளைகளின் மீது சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கப்பட்டதாகும். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல், முன்னரே வகுத்த வேக அட்டவணைப்படி, வழக்கமாக ஏ.சி.யை அணைத்துவிட்டே இச்சோதனை நடத்தப்படுகிறது. சாலையிலோ சிக்னல் நிறுத்தங்களும், மேம்பால ஏற்றங்களும், காற்றுக் குறைந்த டயர்களும், ஏற்றிய சுமையும் எரிபொருள் செலவைக் கூட்டுகின்றன. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை ஏறத்தாழ நான்கு மடங்காவதால், நெடுஞ்சாலையில் விரைந்து செல்வதும் மைலேஜைக் குறைக்கிறது. ஆகவே விளம்பர எண், ஒரே முறையில் சோதிக்கப்பட்ட கார்களைத் தம்முள் ஒப்பிடுவதற்கான அளவுகோலாகவே கொள்ளத்தக்கது.