நறுமணச் செடிகளின் பழஞ்சித்திரங்களும் அவற்றை வரைந்த கரங்களும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நாம் சாரல் காலத்தில் குற்றாலம் சென்றால், கிராம்பும் பட்டையும் ஏலமும் வாங்கி வருவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஆங்கிலக் கம்பெனியார் அம்மலையடியில் நறுமணப் பயிர்த் தோட்டங்களை அமைத்தனர். எனினும், கடையில் நாம் காண்பது காய்ந்த மொட்டும் உரித்த பட்டையுமே. செடியின் முழு உருவை நம்மிற் பலர் கண்டதில்லை.

வணிகருக்கு விலைபோகும் பகுதி போதுமானது. தாவர நூலாருக்கோ இலை, பூ, காய், விதை யாவும் வேண்டும். பெயரை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். இலவங்கம் என்னும் சொல் சிலரிடத்தில் கிராம்பையும், சிலரிடத்தில் பட்டையையும் குறிக்கின்றது. யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அபிஷேக தைலத்திற்கெனக் கருவாப்பட்டையும் இலவங்கப்பட்டையும் தனித்தனியே கூறப்படுவதை விளக்குகையில் நாமும் தடுமாறுகின்றோம். இத்தகைய மயக்கத்தைப் போக்கவே அக்காலத்தார் சித்திரத்தை நாடினர்.

கொச்சியில் டச்சுக்காரரின் தலைவராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மிளகுக்கொடியும் ஏலச்செடியும் அதில் காட்சியளிக்கின்றன. செடிகளின் குணங்களை எடுத்துரைத்த மலையாள மருத்துவர் இட்டி அச்சுதனின் சான்றுரையும் அந்நூலில் அச்சேறியது.

நமது மிஷன் வரலாற்றிலும் இவ்வார்வம் உண்டு. 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயசின் மாணவர். இஞ்சிக் குடும்பச் செடிகளை நுணுகி ஆராய்ந்தவர். 1776இல் வந்த ரொட்லர் ஐயர் தமிழ் அகராதி தொகுத்ததோடு செடிகளையும் சேகரித்தார். சொல்லையும் செடியையும் ஒரே பொறுமையுடன் சேர்த்தவர் அவர்.

1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் படை மருத்துவராயிருந்த இராபர்ட் வைட் குற்றால மலைகளில் செடிகளைத் திரட்டினார். அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐக்கோனஸ்’ என்னும் நூலில் 2101 படங்கள் உள்ளன. கருவா இனங்களும் மிளகு இனங்களும் அவற்றுள் அடங்கும். கிளையைப் பெரிதாகவும், பிரித்த பூவின் உறுப்புகளைப் பக்கத்தில் தனித்தனியாகவும் வரைவது இத்தகைய சித்திரங்களின் முறை. வைட்டுக்காக வரைந்தவர்கள் ரங்கையாவும், அவருக்குப்பின் கோவிந்துவும் ஆவர். வைட் ஓர் ஆர்க்கிடு இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அவ்வினம் வேறோர் இனத்துடன் இணைக்கப்பட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. இவ்விருவரின் சித்திரங்கள் எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்தில் காக்கப்படுகின்றன. ஆயினும் அவர்களுடைய வாழ்வைக் குறித்து எஞ்சியிருக்கும் செய்தி மிகச் சிறிதே.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. தைலத்தின் எடைகளை வகுத்துரைக்கும் அதே யாத்திராகமம், அடுத்த அதிகாரத்திலேயே பெசலெயேல், அகோலியாப் என்னும் கைவினைஞரைப் பெயர்சொல்லி அறிமுகப்படுத்துகின்றது. நமது ஆலயச் சுவர்களிலோ காணிக்கை கொடுத்தோரின் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. கல் செதுக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. பயன்படும் பகுதியை மட்டும் நோக்குவது சந்தையின் பார்வை. செடியை முழுமையாய்க் கண்டு வரைந்தவர்கள் வேறொரு பார்வையை நமக்குக் கற்பிக்கின்றனர். சபையாரை அவ்வாறு காணவும், உழைத்தோரைப் பெயர்சொல்லி நினைக்கவும் போதகராகிய நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.